1968 டீலக்ஸ் ரிவெர்ப்: பழையபடி ஆக்குவதா, மாற்றிக் கட்டுவதா?

ஆறாம்தந்தி · #1

எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். கராஜ் சாமானோடு சாமானாக ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், வால்வு கிடார் ஆம்ப், கிடந்தது. சில்வர்ஃபேஸ் (வெள்ளிநிற முன்தகடு), முன்துணியைச் சுற்றி அலுமினியப் பட்டை ஓடுகிற வகை. பவர் ட்ரான்ஸ்ஃபார்மரில் 606821 என்று அச்சடித்திருக்கிறது. 606 என்றால் அதைச் செய்த ஷூமாக்கர் கம்பெனி, 8 ஆண்டு, 21 வாரம். ஒற்றை இலக்கம்தான் என்பதால் 1978 ஆகவும் இருக்கலாமே என்று குழம்பினேன். அலுமினியப் பட்டை 1969-க்குப் பிறகு இல்லை என்பதால் 1968 என்று முடிவு கட்டினேன். ஸ்பீக்கர் ஆக்ஸ்ஃபோர்ட் 12 அங்குலம், 465-ல் ஆரம்பிக்கிற எண். கூம்பில் கிழிசல் இல்லை.

சத்தம் வருகிறது. கூடவே "உம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம். ரிவெர்ப் (எதிரொலி) வேலை செய்யவில்லை. இரண்டு கால் பிளக். தந்தியில் கை வைத்துக்கொண்டே குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது.

என் கேள்வி இதுவெல்லாம் இல்லை. முன்பலகையில், நார்மல் சேனல் பாஸ் குமிழுக்கும் வைப்ரேட்டோ சேனல் உள்ளீட்டுக்கும் நடுவே யாரோ ஒரு துளை போட்டு, மிக்ஸியிலிருந்து கழற்றியது போல ஒரு குமிழை மாட்டியிருக்கிறார்கள். திருப்பினால் எதுவும் ஆகவில்லை.

இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர், துளையை அடைத்து, புது முன்தகடு போட்டு, அச்சு அசல் 1968 ஆக்கிவிடலாம் என்கிறார். இன்னொருவர், "துளை விழுந்ததுமே மதிப்புப் போய்விட்டது, இனி என்ன பயம்? மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தைக் குறைக்கிற குமிழ்), கூடுதலாக ஒரு கெய்ன் ஸ்டேஜ் (ஒலியை இன்னொரு முறை பெருக்குகிற பகுதி), பெரிய அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்கிறார். விற்கிற எண்ணம் இல்லை. சனிக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து ப்ளூஸ் வாசிக்கிறோம். மற்ற நாளில் வீடுதான், இரண்டு குழந்தைகள். எந்தப் பக்கம் போக?

உருகுகம்பி · #2

துளை குத்திய காதில் தோடு போடாமல் விடுவானேன்? போடுங்கள்.

இது கோயில் சிலை இல்லை. லியோ ஃபெண்டர் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர். திறந்து, மாற்றி, மூடத்தான் அப்படிக் கட்டினார். ராண்டல் ஸ்மித் 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் என்ன செய்தார்? ஃபெண்டரின் 12 வாட் பிரின்ஸ்டன் ஆம்ப்பைப் பிரித்து, உள்ளே ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப் மாதிரி சர்க்யூட்டைக் கட்டி, 12 அங்குல ஸ்பீக்கரைத் திணித்தார். கிடார் கலைஞர் சந்தானா வாசித்துப் பார்த்து அசந்துபோனார். மெசா பூகி கம்பெனி பிறந்ததே அப்படித்தான். "ஒரிஜினலைத் தொடாதே" என்று அன்றைக்கு யாராவது கையைப் பிடித்திருந்தால்?

மாஸ்டர் வால்யூம் கட்டாயம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் டீலக்ஸ் ரிவெர்ப்பை 6-ல் வைத்து வாசிக்க முடியாது.

ரேடியோமெக்கானிக் · #3

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அதைச் சுவரிலிருந்து பிடுங்கு. சுருக்கென்கிறது என்று நீ ஏதோ போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எனக்குப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பின்பக்கம் கிரவுண்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதிலிருந்து சேஸிஸுக்கு, அதாவது எல்லாம் பூட்டியிருக்கிற உலோகச் சட்டத்துக்கு, ஒரு கண்டென்சர் போகும், 0.047 மைக்ரோஃபாரட், 600 வோல்ட். மின்சாரத்தின் ஒரு காலை நேராக சேஸிஸோடு கோர்த்துவிடுகிற கண்டென்சர் அது. சேஸிஸ் என்றால் உன் கிடார் தந்தி. 120 வோல்ட், 60 சைக்கிளுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 மில்லி ஆம்ப் அதன் வழியாக ஓடும். உனக்குச் சுருக்கென்றது அதுதான். கண்டென்சர் நல்லபடியாக இருக்கும்போதே இந்தக் கதை. ஐம்பது வருஷத்துக் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் அந்த 2 என்கிற வரம்பும் போய்விடும். தந்தியில் கை, மைக்கில் உதடு. அமெரிக்காக்காரர்கள் அதற்கு மரணக் கண்டென்சர் என்று பேர் வைத்திருப்பது சும்மா இல்லை.

செய்ய வேண்டியது: மூன்று கால் கார்டு. பச்சைக் கம்பி சேஸிஸில் தனி போல்ட்டில் ஏற வேண்டும், ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் கூட வேண்டாம். கறுப்பு முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. அந்தக் கண்டென்சரை வெட்டி எறி. கிரவுண்ட் சுவிட்சை மட்டும் சும்மா அங்கேயே விட்டுவிடு, இல்லாவிட்டால் இன்னொரு ஓட்டை.

அடுத்தது அந்த "உம்ம்ம்". சேஸிஸ் மேலே ஒரு தகர மூடி இருக்கும், அதற்குள் ஐந்து எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர், ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். ஐம்பது வருஷத்தில் உள்ளே இருந்த பசை காய்ந்து கருவாடாகியிருக்கும். ஐந்தையும் மாற்று. கூடவே பயாஸ் சப்ளையில் (வால்வில் எவ்வளவு மின்சாரம் ஓடுவது என்று கட்டுப்படுத்துகிற பகுதி) ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக், 50 வோல்ட். அதை எல்லோரும் மறப்பார்கள். அது போனால் வால்வுக்கு நெகடிவ் வோல்ட் போகாது. தகடு சிவந்து, வால்வு போய், கடைசியில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். கால்காசுச் சாமான் குடியைக் கெடுக்கிற கதை.

இதில் எதையும் நான் மாற்றம் என்றும் சொல்ல மாட்டேன், மீட்பு என்றும் சொல்ல மாட்டேன். சைக்கிளுக்கு டயர் மாற்றுவதை யாராவது அப்படிச் சொல்கிறார்களா?

உள்ளே கை வைக்கும் முன்பு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கு. மீட்டரில் பூஜ்யம் பார். ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். நான் கோவையில் வால்வு ரேடியோ கடையில் கற்றுக்கொண்ட முதல் பாடம் அந்தச் சட்டைப்பை.

ஆறாம்தந்தி · #4

பிடுங்கிவிட்டேன் ஐயா. மனைவி படித்துவிட்டு பெட்டியையே கராஜுக்கு அனுப்பச் சொல்கிறாள்.

பழங்காசு · #5

ரேடியோமெக்கானிக் ஐயா சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் அதற்கு மேல் யாரும் கை வைக்காதீர்கள். மாற்றுகிற சாமான் ஒவ்வொன்றையும் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, ஆம்ப்போடேயே வையுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், என்னிடம் ஒரு 1966 பிளாக்ஃபேஸ் (கறுப்பு முன்தகடு) இருந்தது. இதே டீலக்ஸ் ரிவெர்ப். லேசான இரைச்சல். பேர் எடுத்த ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பளபளவென்று வந்தது. உள்ளே இருந்த நீலக் கெப்பாசிட்டர்கள் (ஐயா சொல்கிற கண்டென்சர்தான்) மொத்தத்தையும் கழற்றிவிட்டு ஆரஞ்சு நிறத்தில் புதிது போட்டிருந்தார். பழசு எங்கே என்றேன், குப்பையில் என்றார். இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் முதல் வால்வின் பிளேட்டில் இருந்த 100 கே (கிலோ ஓம்) கார்பன் ரெசிஸ்டர் ஒன்றுதான் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு ரெசிஸ்டர்! ஒலி கெட்டதா என்றால் நேர்மையாகச் சொல்கிறேன், பெரிய வித்தியாசம் கேட்கவில்லை. ஆனால் திறந்து பார்க்கும்போதெல்லாம் மனசு வெந்தது.

உருகுகம்பிக்கு: ஸ்மித் வெட்டிய பிரின்ஸ்டன்கள் அன்றைக்குக் கடையில் அடுக்கியிருந்த சாதாரணச் சரக்கு. அவர் வெட்ட வெட்டப் புதிது வந்துகொண்டிருந்தது. 1968 இனி வருமா?

இன்னொன்று. 1965-ல் சிபிஎஸ் என்கிற அமெரிக்க ஒளிபரப்புக் கம்பெனி ஃபெண்டரை 1.3 கோடி டாலருக்கு வாங்கியதிலிருந்து எல்லாம் கெட்டது என்று ஒரு பாட்டு உண்டு. ட்வின் ரிவெர்ப், பேஸ்மேன் விஷயத்தில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்த ஆண்டு டீலக்ஸ் ரிவெர்ப் உள்ளே பெரும்பாலும் பழைய ஏபி763 சர்க்யூட்தான். முகம்தான் வெள்ளி. ஆகவே "பிளாக்ஃபேஸ் ஆக்கித் தருகிறேன்" என்று யாராவது காசு கேட்டால், எந்தச் சாமானை மாற்றப் போகிறீர்கள் என்று எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.

முன்தகடு மாற்றவே வேண்டாம். சேஸிஸில் துளை இருக்க, மேலே புதுத் தகடு போட்டு மூடினால் நாளைக்கு வாங்குகிறவனுக்கு அது பொய். தழும்பு தெரியட்டும்.

உருகுகம்பி · #6

விற்கிற எண்ணமே இல்லை என்கிறார், நீங்கள் நாளைக்கு வாங்குகிறவனுக்காக அழுகிறீர்கள்.

லண்டன்_ஹம் · #7

"ஒரிஜினல்" என்ற சொல்லை இரண்டு பேரும் தேங்காய் உடைக்கிற மாதிரி உடைக்கிறீர்கள். எது ஒரிஜினல்?

வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கேட்கிற அந்தக் கணீர் ஒலி டாப் பூஸ்ட். முதலில் அது ஆம்ப்பிலேயே கிடையாது. தனிச் சர்க்யூட்டாகச் செய்து பின்பலகையில் பொருத்திக் கொடுத்தார்கள். பிறகுதான் முன்னால் வந்து நிரந்தரம் ஆனது. பின்பலகையில் வெட்டு விழுந்த ஏசி30 இன்றைக்குப் பொக்கிஷம். ஜிம் மார்ஷல் கடையில் 1960-களின் தொடக்கத்தில் கட்டிய முதல் ஜேடிஎம்45 ஆம்ப் என்ன? ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை எடுத்து இங்கிலாந்தில் கிடைத்த சாமானை வைத்துக் கட்டியது.

அதற்காகப் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு நான் கை தூக்கவில்லை. என் சிநேகிதர் ஒருவர் எடி வான் ஹேலன் மாதிரி ஒலி வேண்டும் என்று 100 வாட் மார்ஷலை நாலு இடத்தில் துளைத்து இரண்டு ஸ்டேஜ் கூட்டினார். வான் ஹேலன் செய்தது வேரியாக் வைத்து வோல்ட்டைக் குறைத்தது. ஆம்ப்புக்கு வெளியே! சிநேகிதர் ஆம்ப் இப்போது ஒலியை முழுக்கத் திறந்தால் பேருந்து நிலைய விசில் மாதிரி கத்துகிறது.

ஸ்கார்பரோக்காரன் · #8

வெளியால செய்யிறதெண்டு சொன்னதும் எங்கட பாடகர் நீல் யங் ஞாபகம் வந்திட்டார். ரொறன்ரோவில பிறந்த ஆள், அதால எங்கட ஆள்தான்.

அவற்ற ஆம்ப் 1959 ஃபெண்டர் டீலக்ஸ், ட்வீட் துணி போட்டது, சின்னப் பெட்டி. அவருக்கு மேடையில பாட்டுக்குப் பாட்டு வேற வேற ஒலி வேணும். வேற ஆளெண்டால் உள்ள ரிலே, சுவிட்ச் எல்லாம் வெட்டி வைச்சிருப்பினம். அவர் என்ன செய்விச்சவர் தெரியுமோ? ஆம்ப்புக்கு மேல ஒரு பெட்டி, விஸர் எண்டு பேர். காலால மிதிச்சால் அதுக்குள்ள இருக்கிற மோட்டார் ஆம்ப்பின்ர குமிழைப் பிடிச்சுத் திருப்பும். மனிசன் கையால திருப்பிற மாதிரியே! மேடை முழுக்கப் பெரிய பெரிய சாமான் நிக்குது, நடுவில இந்தக் குட்டி ஆம்ப்பின்ர குமிழை ஒரு மெஷின் திருப்பிக்கொண்டு நிக்குது. ஏனெண்டால் அதே மாதிரி டீலக்ஸ் எத்தினையோ பார்த்தவர், ஒண்டும் அந்த ஒண்டு மாதிரி ஒலிக்கேல்லையாம்.

தம்பி, வீட்டில சத்தம் குறைக்க வேணுமெண்டால் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்புக்கும் இடையில ஒரு அட்டெனுவேட்டர் போடும். எட்டு ஓம் பார்த்து வாங்கும். பிடிக்காட்டில் கழட்டி வைக்கலாம். மாஸ்டர் வால்யூம் போட்டால் முன்பகுதி பிரீஆம்ப்தான் கத்தும், 6வி6 எண்ட பவர் வால்வு ரெண்டும் நித்திரை கொள்ளும். டீலக்ஸ் ரிவெர்ப்பின்ர சுகமே அந்த ரெண்டும் வேர்க்கிறதுதான்.

உருகுகம்பி · #9

அட்டெனுவேட்டர் விலைக்கு இரண்டு மாஸ்டர் வால்யூம் போடலாம். ஆனால் வேர்க்கிற விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் போடச் சொன்னவர் நான் இல்லை, அதையும் பதிந்துவிடுகிறேன். பெரிதாகப் போட்டால் அடுத்து 6எல்6 வால்வு போடத் தோன்றும். 6வி6 ஒன்று இழை சூடாக 0.45 ஆம்ப் எடுக்கும், 6எல்6 0.9. இரண்டு வால்வுக்குச் சேர்த்து 0.9 ஆம்ப் கூடுதல் சுமை, ஐம்பது வருஷப் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் தலையில். சத்தம் பெரிதாக வேண்டுமென்றால் ட்வின் ரிவெர்ப் வாங்குங்கள், முதுகுக்கு மருத்துவக் காப்பீட்டோடு.

ஆறாம்தந்தி · #10

இரண்டு வாரமாகிவிட்டது, மன்னிக்கவும். என்ஜினீயரிங் படித்த மைத்துனரைத் துணைக்கு உட்கார வைத்துக்கொண்டு (அவர் வேலை, என் இடது கை சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார்ப்பது) சேஸிஸைக் கழற்றினேன்.

அந்த மிக்ஸிக் குமிழ். பின்னால் ஒரு பொட் (குமிழால் திருப்புகிற ரெசிஸ்டர்). மூன்று காலிலும் ஈயம் இருக்கிறது, ஒன்றில்கூடக் கம்பி இல்லை. கொஞ்ச தூரத்தில் இரண்டு கம்பி, கத்தரித்து, நுனியில் துணி டேப் சுற்றி, சேஸிஸ் ஓரமாக மடித்துப் படுக்க வைத்திருக்கிறது. ஃபேஸ் இன்வெர்ட்டர் (பவர் வால்வு இரண்டுக்கும் ஒலியைப் பிரித்து அனுப்புகிற பகுதி) பக்கம் போகிற தடம் தெரிகிறது. மாஸ்டர் வால்யூம்தான் போட்டிருக்கிறார். அப்புறம் அவரே, அல்லது அவருக்கு அடுத்தவர், வெட்டிவிட்டு பழைய இணைப்பைச் சுத்தமாகத் திரும்பப் போட்டிருக்கிறார். ஈயம் வைத்த கை என் கையைவிட நல்ல கை.

ஆக நாம் இங்கே போடுகிற சண்டையை அந்த மனிதர் எப்போதோ தனியாகப் போட்டு முடித்திருக்கிறார்.

மற்றது எல்லாம் பழுப்பு நிறக் கெப்பாசிட்டர். பலகை கறுப்பு, மெழுகு பூசியது. இதை என்ன செய்ய?

ஸ்கார்பரோக்காரன் · #11

ஐயோ, அந்த டேப் சுற்றினதுதான் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு.

பழங்காசு · #12

பழுப்பை விடுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். கப்ளிங் கெப்பாசிட்டரின் (ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்துவது) கிரிட் பக்கக் காலை, அதாவது அடுத்த வால்வின் பக்கம் இருப்பதை, மட்டும் தூக்கி, டிசி எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். மில்லிவோல்ட் கணக்கில் இருந்தால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. கறுப்புப் பலகையிலும் அதே மீட்டர் வேலை: வெறும் பலகையில் ஒரு முனை, சேஸிஸில் ஒரு முனை. ஈரம் ஏறிய பலகை மின்சாரம் கடத்தும், அப்படிக் கடத்தினால் சடசட என்று சத்தம் வரும். யாரோ அதைக் கெப்பாசிட்டர் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் மாற்றுவார்கள். என்னிடம் செய்த மாதிரி.

ரேடியோமெக்கானிக் · #13

ரிவெர்ப்புக்கு: கீழே ரெக்ஸின் பைக்குள் இருக்கிற ஸ்பிரிங் டேங்கைத் திற. பிளக்கிலிருந்து உள்ளே காயிலுக்கு மயிரிழை மாதிரி கம்பி போகும். பத்துக்கு ஏழு தடவை அறுந்திருப்பது அதுதான். பூதக்கண்ணாடி, நுனி மெல்லிய சால்டரிங் அயர்ன், ஒரு மூச்சு அடக்கல். புது டேங்க் வாங்கிவிடாதே.

உருகுகம்பி · #14

சரி, துளை இருக்கிறது, பொட் இருக்கிறது, யாரும் புதிதாக ஒன்றும் துளைக்கப் போவதில்லை. நான் ஒன்று சொல்கிறேன், பழங்காசு அண்ணனும் திட்ட முடியாது.

டீலக்ஸ் ரிவெர்ப்பில் மிடில் குமிழ் கிடையாது, ட்ரெபிள், பாஸ் மட்டும்தான். மிடிலை ஃபெண்டர் ஒரே இடத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டார்: பாஸ் பொட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகிற 6.8 கே ரெசிஸ்டர். வைப்ரேட்டோ சேனலில் அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, நாலைந்து அங்குலக் கம்பி இழுத்து, அந்தத் துளையில் 25 கே லீனியர் பொட் போடுங்கள். முழுக்கத் திறந்தால் நடுப்பகுதி திரண்டு எழும், சத்தமும் கூடும், ஆம்ப் சீக்கிரம் உடையும். உங்கள் சனிக்கிழமை ப்ளூஸுக்கு அதுதான் வேண்டும். கால்பங்குக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் பொட் சரியாக 6.8 கே காட்டும். அந்த இடத்தில் வைத்தால் 1968.

பழங்காசு · #15

பழைய ரெசிஸ்டர் பைக்குள் போகுமா?

உருகுகம்பி · #16

போகும்.

பழங்காசு · #17

அப்படியானால் நான் இதைப் படிக்கவில்லை.

லண்டன்_ஹம் · #18

கல்வெட்டில் பொறியுங்கள், இருவரும் ஒத்துப்போன நாள்.

ஆறாம்தந்தி · #19

முடிந்தது. கணக்கு ஒப்பிக்கிறேன்.

மூன்று கால் கார்டு, மரணக் கண்டென்சர் வெளியே. மேலே ஐந்து, பயாஸ் ஒன்று, எல்லாம் புதிது. கேத்தோடு பக்கத்துச் சின்ன எலக்ட்ரோலிட்டிக்குகளில் இரண்டு வாய் பிளந்திருந்ததால் அவற்றையும் சேர்த்து மாற்றினேன். பழுப்புகள் எல்லாம் தேறிவிட்டன, ஒன்றைத் தவிர. பலகை சுத்தம். ரிவெர்ப் ஐயா சொன்ன அதே மயிரிழைதான், மூன்றாவது முயற்சியில் பிடித்தது.

முதல் தடவை 60 வாட் பல்பைத் தொடராகப் போட்டு ஏற்றினேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது, மைத்துனர் கைதட்டினார். அப்புறம் நேராக. சுவரில் 122 வோல்ட். 6வி6 பிளேட்டில் 415. பயாஸை வால்வுக்கு 20 மில்லி ஆம்ப்பில் நிறுத்தினேன், பெருக்கினால் 8.3 வாட். அந்தக் கால 12 வாட் வரம்புக்கு எழுபது சதவீதம். இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று உருகுகம்பி தனிச்செய்தியில் சொன்னார், ஏற்றவில்லை. ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்பீக்கர் பெட்டியிலேயே இருக்கிறது. சனிக்கிழமைக்கு மட்டும் புதிதாக ஒன்று வாங்கி மாட்டலாமா என்று யோசிக்கிறேன், நாலு நட்டுதானே.

மிடில் பொட் போட்டாகிவிட்டது. மாட்டும் முன் மீட்டரை வைத்து 6.8 காட்டிய இடத்தில் திருப்பி நிறுத்தி, முன்தகட்டில் குமிழுக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன். விரலால் தேய்த்தால் போய்விடும். கழற்றிய ரெசிஸ்டர், எட்டு எலக்ட்ரோலிட்டிக், ஒரு பழுப்பு, மரணக் கண்டென்சர், எல்லாம் ஜிப் பையில், கேபினெட் அடியில் ஒட்டியிருக்கிறது. கத்தரித்த அந்த இரண்டு கம்பியை டேப்போடு அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று முதல் தடவை சத்தமாக வாசித்தேன். கோட்டில் வைத்து அரை மணி நேரம், அப்புறம் முழுக்கத் திறந்து. திரும்பக் கோட்டுக்கு வரவில்லை.

பழங்காசு · #20

வருவீர்கள். மிக்ஸிக் குமிழை மட்டும் மாற்றுங்கள், கண்ணை உறுத்துகிறது.

ஆறாம்தந்தி · #21

அது அவருடையது. இருக்கட்டும்.